பந்துக்குள் போகாத எலி

என் மஞ்சள் நீராட்டு விழா ஆல்பத்தை யார் கேட்டாலும் அம்மா எடுத்துக் காட்ட மாட்டாள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, பட்டுப்புடவை கட்டிய பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி மாலையும் பூஜடையுமாக மணையில் உட்கார்ந்து, வந்தவர்களையெல்லாம் கடித்துக் குதறிவிடுவதுபோல் முறைத்துக்கொண்டிருக்கிறாள். சந்தனம் பூசுகிறவர்களை முறைக்கிறாள். ஆரத்தித் தட்டை முறைக்கிறாள். ஒரு படத்தில் கேமராவையே முறைக்கிறாள். “பொண்ணு ரொம்ப வெக்கப்படுது” என்று அந்தப் போட்டோக்காரர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். வெட்கமாவது மண்ணாவது. அது கோபம். இத்தனை வருடம் கழித்து அந்தப் படங்களைப் பார்த்தாலும் எனக்கு அதே இடத்தில், அதே சூட்டில் வருகிறது.

கோபம் ஒரு எலிக்காக. அதுவும் உயிருள்ள எலி இல்லை. கையடக்க வீடியோ கேம் ஒன்றுக்குள் இருந்த மஞ்சள் எலி. இதைச் சொன்னதும் சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடலாம். எங்கள் வீட்டிலும் எல்லோரும் சிரித்தார்கள்.

சுனாமிக்கு அடுத்த வருடம், சிங்கப்பூரில் ஃபிட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்த மாமா, அம்மாவின் தம்பி, அங்கே போதும் என்று சிதம்பரத்துக்கே திரும்பி வந்துவிட்டார். கடலூரில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது பெட்டியிலிருந்து சோப்பு, தைலம், டார்ச் லைட் எல்லாம் எடுத்துக் கொடுத்தார். கடைசியில் என்னிடம் சோப்பு டப்பா அளவில் ஒன்றைக் கொடுத்தார். கூட வேலை செய்தவரின் பிள்ளை ஆடிச் சலித்துப் போட்டது. இரண்டு பேட்டரி போட வேண்டும். பின்பக்கம் ஒரு சின்னக் கேசட்டைச் செருக வேண்டும். மாமாவிடம் இருந்த கேசட் ஒன்றே ஒன்றுதான்.

“மருமவளே, இதுல இங்கிலீசு ஜாஸ்தி. ஒனக்குப் புரியாது. சும்மா வச்சிக்க” என்றார்.

எனக்குப் புரியாது என்று யார் சொன்னாலும் பிடிக்காது. தமிழ் மீடியத்தில் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகத் தேடினேன். ஒரு மாதத்தில் விஷயம் பிடிபட்டது.

அந்த உலகத்தில் காடு, குகை, கடல் எங்கு பார்த்தாலும் விநோதமான மிருகங்கள் இருக்கும். அவற்றைப் பந்து மாதிரியான ஒரு கூண்டை எறிந்து பிடிக்க வேண்டும். பிடித்ததைப் பழக்கி, மற்றவர்களின் மிருகங்களோடு மோதவிட்டு, ஊர் ஊராக ஜெயித்துக்கொண்டே போக வேண்டும். மோதாத நேரத்தில் எல்லா மிருகமும் பந்துக்குள் சுருண்டு கிடக்கும். ஒன்றைத் தவிர. ஆட்டத்தின் தொடக்கத்திலேயே நம் கையில் கொடுக்கப்படும் அந்த மின்சார எலி மட்டும் பந்துக்குள் போகாது. மாட்டேன் என்றால் மாட்டேன்தான். நம் பின்னாலேயே குட்டிக்காலால் நடந்து வரும். அதன் பெயர் உலகத்துக்கே தெரியும். எங்கள் வீட்டில் அதற்கு எலி என்றுதான் பெயர்.

நடந்து போகும்போது சட்டென்று திரும்பி அதைப் பார்த்து ஒரு பொத்தானை அழுத்தினால், அதன் முகம் பெரிதாக வந்து நிற்கும். அப்போது அதற்கு நம்மேல் என்ன எண்ணம் என்று தெரியும். முதல் நாள் திரும்பிப் பார்த்தேன். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. நீ யாருடி என்கிற முதுகு. எனக்கு அதை அந்த நிமிடமே பிடித்துப்போயிற்று. என் குணம் அப்படியே இருந்தது.

முதல் ஊரிலேயே ஒரு பாறை வாத்தியார் நின்றான். அவனுடைய மிருகமெல்லாம் பாறை. மின்சாரம் பாறையில் ஏறாது. புத்தியுள்ளவர்கள் வேறொரு மிருகத்தைப் பிடித்து வந்து அவனை முடித்துவிட்டுப் போவார்கள். நான் எலியையே அனுப்பினேன். தோற்றது. மறுபடியும் அனுப்பினேன். எத்தனை தடவை என்று கணக்கில்லை. காட்டுக்குத் திரும்பிப் போய்ப் புழுவோடும் பறவையோடும் வாரக்கணக்கில் மோதவிட்டுத் தேற்றிக்கொண்டு வந்தேன். கடைசியில் அந்த எலி மின்சாரத்தையே விட்டுவிட்டு, வெறும் உடம்பால் முட்டி முட்டியே பாறையைச் சாய்த்தது. அன்றைக்குத் திரும்பிப் பார்த்துப் பொத்தானை அழுத்தினேன். முகத்தை என் பக்கம் திருப்பி வைத்திருந்தது. சிரிக்கவில்லை, ஆனால் திருப்பி வைத்திருந்தது.

பிறகு சிரித்தது. பிறகு தலைக்கு மேல் ஒரு இதயம் வந்தது. அதற்கு ஏறக்குறைய எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதமும் பேருந்தில், சாப்பாட்டுக்கு முன்னால், கரண்ட் போன சாயங்காலங்களில் என் கையில் அதுதான் இருந்தது. இவையெல்லாம் அந்தக் கேசட்டுக்குள் சேவ் ஆகியிருந்தன. ஆட்டத்தைத் திறந்தால் முதல் வரியில் ‘கன்டினியூ’ என்று இருக்கும். அதை அழுத்தினால் விட்ட இடத்தில் எலி நிற்கும். அந்த ஒரு வரிக்குள்தான் அது இருந்தது என்பதை இந்தக் கதை முடியும்வரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2006 மே மாதம், அக்னி நட்சத்திரம். புழக்கடையில் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தேன். தண்ணீர் எடுக்க வந்த அம்மா என் பாவாடையைப் பார்த்துவிட்டுக் குடத்தைக் கீழே வைத்தாள்.

“அங்கியே இரு. எதையும் தொடாத.”

தொடாதே என்றால், கையில் இருப்பதை என்ன செய்வது? அந்தக் கேள்வி அம்மாவுக்கும் வந்தது. பதில் சொல்ல ஆள் வேண்டும். புவனகிரியில் இருந்த அத்தைக்குப் போன் போயிற்று. அப்பாவின் அக்கா. எங்கள் சொந்தத்தில் எந்தப் பெண் வயதுக்கு வந்தாலும் அத்தை வராமல் ஒன்றும் நகராது. எத்தனை நாள் உட்கார வைப்பது, எந்தத் திசை பார்த்துத் தண்ணீர் ஊற்றுவது, எதைக் கழுவி எடுப்பது, எதைக் கொடுத்துவிடுவது என்று எல்லாம் அவளுக்கு மனப்பாடம். அடுத்த பஸ்ஸிலேயே வந்து இறங்கினாள்.

மாமாவும் வந்தார். பச்சைத் தென்னங்கீற்று கொண்டுவந்து, கொய்யா மரத்தடியில் ஆள் உட்காரும் உயரத்துக்கு ஓலைக்குடிசை கட்டினார். தாய்மாமன் கட்டினால்தான் செல்லும். எனக்கென்று ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு டம்ளர். வாசலில் குறுக்கே ஒரு உலக்கை. பதினோரு நாள்.

“அண்ணி, இத என்னா பண்றது?” என்று அம்மா என் கையைக் காட்டிக் கேட்டாள்.

“அதான் தொட்டுட்டாளே. அவகிட்டயே கெடக்கட்டும். பதனோராம் நாளு பாத்துக்கலாம்” என்றாள் அத்தை.

பாத்துக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எலி என்னோடு உள்ளே வந்துவிட்டது, அது போதும் என்றிருந்தேன்.

அந்தப் பதினோரு நாளைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு வாய் வராது. தினம் காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும். மத்தியானம் உளுந்தங்களி. புழுக்கத்தில் ஓலை வாடி ஒரு வாடை. தெருவில் இருக்கிற பெண்கள் எல்லாம் முறை வைத்துக்கொண்டு வந்து குனிந்து எட்டிப் பார்த்தார்கள். “எந்திரிச்சி நில்லு கண்ணு, பாக்கலாம்” என்றார்கள். குடிசையில் எழுந்து நிற்க இடமில்லை என்பது கட்டியவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். “பெரிய மனுசி ஆயிட்ட, இனிமே இந்த வெளாட்டெல்லாம் மூட்ட கட்டு” என்று ஆளுக்கொரு தடவை சொல்லிவிட்டுப் போனார்கள். நான் என்ன செய்தேன் என்று எனக்கு இந்தப் பாராட்டு, எதற்காக இந்தக் கண்டிப்பு, ஒன்றும் விளங்கவில்லை. எரிச்சல்தான் வந்தது.

ஆனால் எலி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் இல்லை, வீட்டு வேலை இல்லை. பேட்டரி தீர்ந்தால் அம்மா புதிதை வாங்கி வந்து, கை படாமல் இருக்க உலக்கைக்கு அப்பால் நின்று பாய்மேல் போடுவாள். அந்த ஒரு உதவிக்கு அவளைக் குறை சொல்ல முடியாது.

ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, ஆட்டத்துக்குள் ஒரு கல் கிடைத்தது. மின்னல் கல். அந்த இன எலிக்கு அதைக் கொடுத்தால் அது வேறு பெரிய மிருகமாக வளர்ந்துவிடும் என்று போட்டிருந்தது. கொடுத்துப் பார்த்தேன். எலி வாங்க மறுத்துவிட்டது. கத்தி, தலையை ஆட்டி, கல்லை என்னிடமே தள்ளிவிட்டது. வளர மாட்டேன், இப்படியேதான் இருப்பேன் என்றது. “நல்லாச் செஞ்ச” என்று வாய்விட்டே சொன்னேன். வெளியே முறுக்குத் தட்டோடு நின்றுகொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மா, தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு போனாள்.

பத்தாம் நாள் சாயங்காலத்துக்குள், ஆட்டத்தின் கடைசியில் வரும் நான்கு வித்தகர்களையும் எலி சாய்த்துவிட்டது. இன்னும் ஒரே ஒருவன். அவனை ஜெயித்தால் ஆட்டத்தின் உச்சி. பேட்டரி விளக்கு மங்கிவிட்டது. அம்மா பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தாள், பேட்டரி கேட்டால் திட்டு விழும். சரி, நாளைக்கு எல்லாச் சனியனும் முடிந்ததும் நிதானமாக ஆடலாம் என்று சேவ் செய்தேன். அணைப்பதற்கு முன் திரும்பிப் பார்த்தேன். எலியின் தலைக்கு மேல் இதயம் இருந்தது. பாய்க்கு அடியில் வைத்தேன்.

மறுநாள் காலை தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். புடவை சுற்றினார்கள். கூடத்தில் மணையில் உட்கார வைத்தார்கள். மாமா சீர்வரிசைத் தட்டுகளோடு மேளம் முன்னால் வர தெருமுனையிலிருந்து வந்தார். அந்த நேரத்தில் பின்னால் குடிசையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பாயும் துணியும் சலவைக்காரம்மாவுக்கு. தட்டும் டம்ளரும் புளி போட்டுத் தேய்த்து உள்ளே. ஓலை நெருப்புக்கு.

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். கையில் ஒரு தாம்பாளம். அதில் வெற்றிலைமேல் என் ஆட்டப்பெட்டி. சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்திருந்தது. அதன் ஓரத்திலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு உள்பக்கம் மஞ்சள் கோடு ஒன்று ஏறி நின்றது.

என் காதோரம் குனிந்து, பெருமையாகத்தான் சொன்னாள்: “அண்ணி இத சலவைக்காரம்மாகிட்ட குடுத்துடச் சொன்னாங்க. நான் உடல. மஞ்ச தண்ணியில நல்லா முக்கி எடுத்து உள்ள கொண்டாந்துட்டேன்.”

நான் பெட்டியை எடுத்துச் சாய்த்தேன். மஞ்சள் தண்ணீர் வழிந்தது.

அம்மா மறு கையை விரித்தாள். உள்ளங்கையில் இரண்டு பேட்டரியும் காய்ந்து, பத்திரமாக இருந்தன. “கரண்டு சாமானு இல்லியா? பேட்டரிய எடுத்துட்டுதான் முக்குனேன்.”

அப்புறம் நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று பிறர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கொன்னுட்டியே, எலியக் கொன்னுட்டியே என்று கத்தியிருக்கிறேன். மாலையைப் பிய்த்து எறிந்திருக்கிறேன். மேளம் நின்றுபோயிற்று. சரி, பெண் கோபப்படுகிறாள் என்று ஒருவருக்காவது தோன்ற வேண்டுமே. தோன்றவில்லை. “சாமி வந்துருக்குடி” என்று அத்தை ஓடி வந்தாள். யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். யாரோ என் நெற்றியில் திருநீற்றை அப்பினார்கள். இரண்டு பேர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள்.

“யாரு வந்துருக்கறது? சொல்லு தாயி, யாரு?” என்றாள் அத்தை.

“எலி” என்று கத்தினேன். “என் எலி.”

அத்தை கையெடுத்துக் கும்பிட்டாள். “எலின்னா புள்ளையாரு. புள்ளையாருதான் வந்துருக்காரு. அவருக்கு என்னமோ கொற வச்சிட்டோம்” என்றாள். கூடமே கன்னத்தில் போட்டுக்கொண்டது. பன்னிரண்டு வயதில், நடுக்கூடத்தில், என் கோபத்தைக்கூட என்னிடமிருந்து பிடுங்கி ஒரு சாமிக்குக் கொடுத்தார்கள். இதை நான் எந்த நாளும் மன்னிக்கப்போவதில்லை. அதற்குப் பரிகாரமாக மாதாமாதம் சதுர்த்திக்குப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைப்பது என்று அம்மா அங்கேயே மஞ்சள் துணியில் காசு முடிந்தாள். போட்டோக்காரர் இதையெல்லாம் எடுத்துத் தள்ளினார்.

பெட்டியை மூன்று நாள் மாடியில் வெயிலில் வைத்தேன். உயிர் வரவில்லை. மாமாதான், “அழுவாத, நம்மூர்ல ஒரு ஆளு இருக்கான், எதக் குடுத்தாலும் சரி பண்ணுவான்” என்று சிதம்பரத்துக்கு எடுத்துப்போனார். பெட்டி போனாலும் பரவாயில்லை, கேசட் மட்டும் பிழைத்தால் போதும் என்று சாமி கும்பிட்டேன். பிள்ளையாரிடம் இல்லை, அவரிடம் எனக்குக் கோபம்.

இரண்டு வாரம் கழித்து மாமா சிரித்துக்கொண்டே வந்தார். பொத்தானைத் தட்டினார். விளக்கு எரிந்தது. இசை வந்தது. மூலையில் அந்த மஞ்சள் கறை மட்டும் போகவில்லை.

“பாத்தியா? புதுசு மாரி. மொத்தத்தையும் கழட்டித் தொடச்சிருக்கான். அந்தக் கேசட்டுக்குள்ள ஒரு பட்டன் செல்லு இருந்துச்சாம், பழசாப் போச்சுன்னு அதயும் எடுத்துட்டு வேற போட்டுட்டானாம். இனிமே பத்து வருசத்துக்கு கவலயில்ல.”

வாங்கிப் பார்த்தேன். முதல் வரியில் ‘நியூ கேம்’ என்று இருந்தது. அதற்கு மேலே ஒன்றுமில்லை. மூன்று தடவை அணைத்துப் போட்டேன். ‘கன்டினியூ’ வரவில்லை.

‘நியூ கேம்’ அழுத்தினேன். எல்லாம் முதலிலிருந்து. எலி வந்தது. அதே காது, அதே வால். திரும்பிப் பார்த்துப் பொத்தானை அழுத்தினேன்.

முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

“வேணாம்” என்று மாமா கையிலேயே கொடுத்துவிட்டேன்.

அதற்கு விழுந்த திட்டு கொஞ்சமா. அதான் ஓடுதே, அப்புறம் என்ன திமிரு என்றார்கள். மாமா அலைந்த அலைச்சலுக்கு ஒரு நன்றி கிடையாது என்றார்கள். அம்மா மட்டும் மெதுவாக, “அதே எலிதானேடி வருது?” என்றாள். அதே எலி இல்லை என்பதை எந்த மொழியில் சொல்வது? எட்டு மாதம் நான் கூட நடந்த எலி வேறு, கடைக்காரன் துடைத்து அனுப்பிய எலி வேறு. “ஒனக்கு ஒன்னும் தெரியாது, பேசாத” என்றேன். எனக்கும் அவளுக்கும் நடுவில் அன்றைக்கு ஏதோ ஒன்று முறுக்கிக்கொண்டது. பெட்டியை மாமா எடுத்துப்போய்த் தன் மகளுக்காக வைத்தார். அவளுக்கு அப்போது ஆறு வயது.

பிறகு நான் சாதாரணமாகத்தான் வளர்ந்தேன். சண்டைக்காரி என்று பெயர் வாங்கினேன். 2011இல் சிதம்பரத்தில் என்ஜினியரிங் சேர்ந்து ஹாஸ்டலில் தங்கினேன். லேபில் என்னோடு மேஜை பகிர்ந்துகொண்ட பெண்ணுக்கு ஊர் காடாம்புலியூர், வீட்டில் முந்திரித்தோப்பு. எதையும் பிரித்துப் பார்க்கிற கை அவளுக்கு. பேச்சுவாக்கில் என் எலிக் கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. உதட்டைப் பிதுக்கினாள்.

“தண்ணில போட்டா அது சாவாதுடி, காஞ்சா வந்துரும். அந்தப் பட்டன் செல்லுதான் சேவ் பண்ணத புடிச்சு வச்சிருக்கும். அத ஒரு நிமிசம் கழட்டுனாலும் போச்சு. ஒன் எலிய ஒங்கம்மா கொல்லல. கடக்காரன்தான்.”

சோல்டரிங் கம்பியைக் கீழே வைத்துவிட்டேன். அப்படியானால் மாடியில் வெயிலில் கிடந்த அந்த மூன்று நாளும் எலி உள்ளே உயிரோடு இருந்திருக்கலாம். மாமாவின் பையில் பஸ்ஸில் போனபோதும் இருந்திருக்கலாம். என் கோபத்துக்கு அதுவரை ஒரு முகவரி இருந்தது. அது தப்பு என்று ஆனபிறகும் கோபம் வேறு இடம் போகவில்லை. வீட்டுக்குப் போனபோது அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அந்த வருடக் கடைசியில் அடித்த புயலில் எங்கள் பக்கம் ஒரு கம்பம் நிற்கவில்லை. சிதம்பரத்தில் மாமா வீட்டிலும் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. டி.வி. இல்லாமல் அலைந்த மாமா மகள் பீரோவைக் குடைந்து அந்தப் பழைய பெட்டியை எடுத்திருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது கையோடு ஒட்டிவைத்ததுபோல் வைத்துக்கொண்டிருந்தாள். “அக்கா, இந்த எலி பந்துக்குள்ள போவவே மாட்டேங்குது” என்றாள். எனக்குத் தெரியும் என்றேன். திரையின் மூலையில் மஞ்சள் கறை இருந்தது.

2012 கோடையில் அவள் வயதுக்கு வந்தாள்.

மறுபடியும் பச்சை ஓலை. அம்மாவும் நானும் மாமா வீட்டுக்குப் போயிருந்தோம். இந்தத் தடவை ஒன்பது நாள், படிப்பு கெடக்கூடாதாம். குடிசைக்குப் பதில் வீட்டுப் பக்கவாட்டில் ஓலைத் தடுப்பு. புவனகிரி பக்கத்தில்தானே, அத்தையும் வந்துவிட்டாள். முட்டி வலியோடு நாற்காலியில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் நடத்தினாள். ஒன்பதாம் நாள் காலை தண்ணீர் ஊற்றப் பெண்ணை எழுப்பினார்கள். அவள் பெட்டியைப் பாய்மேல் வைத்துவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள். அத்தை தடியால் பாயைக் காட்டினாள்.

“அது என்னா டப்பா? அதயும் மஞ்ச தண்ணியில முக்கி எடு.”

நான் நாலடி தள்ளி நின்றிருந்தேன். முன்னால் போவதற்குள் அம்மா குனிந்து பெட்டியை எடுத்துவிட்டாள்.

“இது எம்பொண்ணுது அண்ணி. புள்ள தொடல. இவதான் காலையில இங்க வச்சிட்டு மறந்துட்டா.”

அம்மா பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அதுவும் அத்தை முகத்தைப் பார்த்து, தீட்டு விஷயத்தில். அத்தை என்னைப் பார்த்தாள்.

“ஒன்னுதாடி?”

“ஆமா. என்னுதுதான்” என்றேன்.

அம்மா அதை என் கையில் வைத்து அழுத்தினாள். “பேட்டரி உள்ளதான் இருக்கு” என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

மொட்டைமாடிக்குப் போய் பொத்தானைத் தட்டினேன். ‘கன்டினியூ’ இருந்தது. அழுத்தினேன். எலி நின்றது. ஆறு வருடத்துக்குப் பிறகு, திரும்பிப் பார்த்து அந்தப் பொத்தானை அழுத்தினேன். தலைக்கு மேல் இதயம் வந்தது. பொத்தானை அழுத்துவது யார் கை என்று அதற்கு எப்படித் தெரியும்? அது அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரிக்கிறது. ஒன்றையும் மாற்றாமல் அணைத்துவிட்டேன். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். ஒரே ஒரு பொய். இத்தனை சுலபமான பொய். இதை அன்றைக்கு எனக்காகச் சொல்லியிருந்தால்?

பந்தி முடிந்து, அம்மா குழாயடியில் பெரிய குண்டானைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நேராகப் போய் நின்றேன்.

“அன்னைக்கு எனக்கு ஏம்மா இப்பிடி சொல்லல?”

தேய்த்துக்கொண்டே இருந்தாள். “அன்னைக்கு எனக்கு அது வெறும் டப்பா. நீ மணையில ஒக்காந்து கத்துனப்பதான் உள்ள ஒன்னு இருந்துச்சின்னே தெரிஞ்சிது.”

“தெரிஞ்சப்பறம் ஆறு வருசம் ஆச்சு. ஒரு வார்த்த சொன்னியா?”

“என்னான்னு சொல்றது? ஒன் எலிய நான்தான் கொன்னேன்னா?”

“ஆமா. அதத்தான் சொல்லியிருக்கணும்.”

அம்மா கையைக் கழுவினாள். எழுந்து நின்றாள். “நான்தான் கொன்னேன்” என்றாள். “இப்ப சொல்லிட்டேன். மாசாமாசம் தேங்கா ஒடைக்கிறனே, அது புள்ளையாருக்குன்னா நெனச்ச?”

அந்த வீட்டில் ஒருவராவது அது செத்துப்போனது என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்றுதான் ஆறு வருடமாகக் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒப்புக்கொண்டாள். பதிலுக்கு நான் சொல்ல வேண்டியது ஒரே வரி: நீ கொல்லவில்லை அம்மா, தண்ணீரில் அது சாகவில்லை, இந்த ஊர்க் கடையில்தான் செத்தது. சொன்னால் அவள் ஒப்புக்கொண்டதும் உடைத்த தேங்காயும் வீணாகிவிடும். அவள் உள்ளங்கையில் காய்ந்து கிடந்த அந்த இரண்டு பேட்டரியும் கண்முன் வந்தன.

“சரி” என்று மட்டும் சொன்னேன். குண்டானை ஆளுக்கொரு பக்கம் பிடித்து உள்ளே தூக்கிக்கொண்டு போனோம்.

இப்போதும் சதுர்த்தியானால் அம்மா தேங்காயை எடுத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்புகிறாள். ஊரில் இருந்தால் நானும் கூடப் போகிறேன். உடைத்த மூடியைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி நடக்கும்போது, இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன். இன்னும் சொல்லவில்லை.